முரப்பாவின் பூர்வீகம்

இஞ்சி முரப்பாவை அறியாத தமிழர் இலர். பேருந்து நிலையங்களில் தட்டில் அடுக்கி விற்கப்படும் அந்தக் காரமும் இனிப்பும் கலந்த வில்லையைத் தமிழ்ப் பண்டம் என்றே பலரும் கருதுகின்றனர். பண்டம் எவருடையதாயினும் பெயர் அரபு மொழிக்குரியது. 'ரப்பா' என்றால் வளர்த்தான், பேணினான் என்பது பொருள், பேணப்பட்டது 'முரப்பா'. தேனிலோ சர்க்கரைப் பாகிலோ ஊறவைத்துக் கெடாமல் காத்த கனிக்கு அரபு மக்கள் இப்பெயரை இட்டனர். அகராதிகளில் 'முரப்பப்' என்ற வடிவமும் உண்டு. இவ்வடிவமும், பழச்சாற்றைக் காய்ச்சிக் கெட்டியாக்கிய 'ருப்பு' என்னும் சொல்லும், படைத்துப் பரிபாலிக்கும் இறைவனைக் குறிக்கும் 'ரப்பு' என்ற திருநாமமும் ஒரே எழுத்து வேரின. கனியைச் சாடியில் இடுவதை, பிள்ளையை வளர்ப்பதற்குரிய சொல்லாலேயே குறித்த மொழி அது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. ஹிஜ்ரி 711இல் (கி.பி. 1311) மறைந்த இப்னு மன்ளூர் தொகுத்த 'லிஸானுல் அரப்' என்னும் பேரகராதியில் 'அன்பஜ்' என்று ஒரு சொல் வருகிறது. அது இந்தியாவில் விளையும் ஒரு மரத்தின் காய். தேனிட்டுப் பேணப்பட்டு இராக்கிற்குக் கொண்டுவரப்படுவது. உள்ளே ஒரு கொட்டையுடையது என்று அங்கே விளக்கம் காண்கிறோம். அந்தக் காய் மாங்காயேயன்றி வேறில்லை. வடமொழி 'ஆம்ர'த்தின் வழிவந்த சொல்லே அரபு நாவில் இவ்வாறு உருமாறியது. அதோடு நின்றதா? நாரத்தை இனப் பழம், கடுக்காய் முதலிய எதைத் தேனில் ஊறவைத்தாலும் அதற்கு 'அன்பஜாத்' என்றே பெயர் வழங்கலாயிற்று. நம் மாங்காய் பிற கனிகளின் முரப்பாவுக்கும் தன் பெயரை ஈந்தது. பின்னொரு காலத்தில் அவர்களுடைய முரப்பா நம் இஞ்சிக்குப் பெயராயிற்று. இதைக் கொண்டு அந்தக் கலையே இங்கிருந்துதான் அங்கே சென்றது என்று வாதிடுவது மிகையாகும். தேனில் கனியைக் காப்பதைக் கிரேக்கரும் ரோமரும் முன்னரே அறிந்திருந்தனர். சென்றது பெயர், நமக்கு அதுவே போதிய பெருமை.

கோடையில் ஒரே சமயத்தில் பழுத்துக் குவியும் கனியை என்ன செய்வது என்ற கேள்வி, ஷாம் தேசத்தில் மார்க்கப் பிரச்சினையாகவே எழுந்தது. திராட்சைச் சாறு சில நாட்களில் தானே நொதித்து மதுவாகிவிடும். கலீபா உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்கு வந்தபோது, அந்நாட்டின் நோயையும் மண்ணின் கடுமையையும் எடுத்துச் சொல்லி, தாங்கள் பழகிய பானமின்றித் தங்களுக்கு உடல்நலம் இல்லை என்று மக்கள் முறையிட்டனர். தேனைப் பருகுமாறு கலீபா கூறினார்கள். தேன் ஒத்துக்கொள்ளவில்லை என்றனர். பின்னர் ஒருவர், மயக்கம் தராதபடி அச்சாற்றைப் பக்குவம் செய்யலாமா என்று கேட்டு இசைவு பெற, அதை மூன்றில் இரண்டு பங்கு வற்றும்வரை காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். கலீபா விரலை அதில் தோய்த்து உயர்த்தினார்கள். அது இழையாய் நீண்டது. ஒட்டகத்திற்குப் பூசும் கீலுக்கு அதை ஒப்பிட்டு, பருக அனுமதித்தார்கள். உடனே உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள், மதுவை ஆகுமாக்கிவிட்டீர்களே என்று முகத்துக்கு நேரே ஆட்சேபித்தார்கள். இறைவன் விலக்கியதைத் தாம் ஆகுமாக்கவில்லை என்று கலீபா அவனையே சாட்சியாக்கினார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வில் இச்செய்தி உள்ளது. நீர் வற்றி இனிப்புச் செறிந்த பாகில் நொதியை உண்டாக்கும் நுண்ணுயிர் பெருகாது என்பதை இன்றைய அறிவியல் விளக்குகிறது. விரலில் இழுத்துப் பதம் பார்த்தது நம் வீட்டுப் பெண்கள் கம்பிப் பதம் பார்ப்பதை ஒத்ததன்றோ!

கனியைக் காப்பதில் அரசர் வழி வேறு, வீட்டார் வழி வேறு. குவாரிஸ்ம் நாட்டு முலாம்பழங்களை ஈயப் பெட்டிகளில் பனிக்கட்டியிட்டு கலீபா மஃமூனுக்கும் பின்னர் வாதிக்கும் அனுப்பினர் என்றும், சேதமின்றி வந்துசேர்ந்த பழம் ஒன்று 700 திர்ஹம் மதிப்புப் பெற்றது என்றும் நைசாப்பூர் அறிஞர் தஆலிபீ எழுதுகிறார். அதே ஊர்ப் பழத்தைக் கீற்றுகளாக அரிந்து வெயிலில் உலர்த்தி, நாணற் கூடைகளில் அடைத்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்பியதை இப்னு பத்தூத்தா கண்டார். டில்லியில் இருந்த நாட்களில் பயணிகள் வந்தனர் என்று கேட்டால், அக்கீற்றை வாங்கிவர ஆளனுப்புவாராம். பனிப்பெட்டி ஓர் அரண்மனைக்குச் சென்றது. வெயிலும் நாணற் கூடையும் உலகுக்கே ஊட்டின. நம் மதிப்பில் பின்னதே பெரிய கண்டுபிடிப்பு.

இவ்வாறு சேமித்து வைப்பது தவக்குலுக்கு மாறு என்று சொல்வாரும் உளர். பனூ நளீர் தோட்டப் பேரீச்சையிலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்திற்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்பது புகாரீயில் உள்ள செய்தி. விலையேற்றத்திற்காகப் பதுக்குவதுதான் கண்டிக்கப்பட்ட 'இஹ்திகார்'. அடுக்களைச் சாடியை அதனோடு சேர்த்துப் பேசுவது நியாயமன்று.

பக்தாதில் ஹிஜ்ரி 623இல் (கி.பி. 1226) முஹம்மது இப்னுல் ஹஸன் என்பார் எழுதிய 'கிதாபுத் தபீக்' நூலில் ஊறுகாய்களுக்கென ஒரு பகுதியே இருக்கிறது. புதினா இலையை ஆய்ந்து கழுவி நிழலில் உலர்த்தி, பூண்டும் நறுமணப் பொருள்களும் சேர்த்துக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, நல்ல காடியை நிரப்பிக் குங்குமப்பூவால் நிறமூட்டச் சொல்கிறார். இலை புளிப்பை ஏற்று, காடி தன் உறைப்பை இழக்கும்வரை பொறுத்திருக்க வேண்டுமாம். 32 ஆண்டுகள் சென்றதும் மங்கோலியர் அந்நகரை அழித்தனர். எத்தனையோ நூல்கள் போயின. இந்தச் சமையல் ஏடு தப்பி, இஸ்தான்பூலைச் சேர்ந்தது. 1934இல் மோஸுலில் அச்சேறியது.

இப்னு பத்தூத்தா மதுரை சுல்தானின் அவைக்கும் வந்தவர். இந்நாட்டார் பழுக்குமுன் உதிர்ந்த மாங்காய்களைப் பொறுக்கி உப்பிலிடுவதையும், பச்சை இஞ்சியையும் மிளகையும் அவ்வாறே பக்குவம் செய்து, கவளத்திற்குக் கவளம் சிறிது கடித்துக்கொள்வதையும் குறித்திருக்கிறார். தம் நாட்டில் எலுமிச்சையை உப்பிலிடுவது போல என்று ஒப்பிட்டும் காட்டுகிறார். மொராக்கோ வீடுகளில் அந்த எலுமிச்சைச் சாடி இன்றும் இருக்கிறது.