கணக்கெழுத மறுத்தவர்கள்: விருத்தாசலம், 1429

அரசதிகாரத்துக்கு எல்லை கட்டிய வரலாறு என்றதும் 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா நினைவுக்கு வரும். உள்ளூர்ச் சான்று கேட்டால் உத்திரமேரூர்க் குடவோலை. கடலூர் மாவட்டத்து நல்லூர் ஒன்றியத்தார் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே, இன்று பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில், விருத்தகிரீசுவரர் கோயிலில் 1429ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மாக்னா கார்ட்டாவை வாங்கியவர்கள் பிரபுக்கள். இந்தக் கல்வெட்டை வெட்டுவித்தவர்கள் குடிகள்.

விசயநகரத்தில் இரண்டாம் தேவராயர் ஆண்ட காலம். எந்நாளும் ஒன்றோடொன்று மோதியதாகவே நாம் அறிந்திருக்கும் வலங்கை தொண்ணூற்றெட்டு, இடங்கை தொண்ணூற்றெட்டு என்ற இரு சாதித் தொகுதிகளும் இங்கே ஒரே முடிவுக்கு வருகின்றன. அரசு அதிகாரிகளான இராசகரத்தாரும், சீவிதமாக வருவாய் உரிமை பெற்றவர்களும் குடிகளை வதைக்கிறார்கள். நில உரிமையாளரான காணியாளரும் பிராமணரும் அரசிறை பெறுவதில் அவர்களோடு நிற்கிறார்கள். ஆகவே அவர்களுக்கு யாரும் இடம் கொடுக்கக் கூடாது, கணக்கெழுதக் கூடாது, அவர்கள் சொல்லுக்கு இணங்கவும் கூடாது. மீறுபவன் நாட்டுத் துரோகி, அவனைக் குத்திவிடலாம்.

இதை வெறும் வரிமறுப்பு என்று படிப்பது போதாது. கொறுக்கை என்னும் ஊரில் உள்ள அதே ஆண்டுக் கல்வெட்டு, விளைச்சலுக்கேற்ற நியாயமான வரியைக் கொடுக்கச் சம்மதிக்கிறது; ஊரை விட்டு ஓடவிருந்ததையும், மண்டலத்தார் ஒன்றுபடாததே தங்கள் துன்பத்துக்குக் காரணம் என்று உணர்ந்ததையும் சொல்கிறது. ஊரை விட்டு ஓடுவது குடிகளின் பழைய ஆயுதம். கணக்கனைத் தடுத்து நிறுத்தியதையே விருத்தாசலத்தாரின் கூர்மையாக நான் கருதுகிறேன். எது நஞ்சை, எது தரிசு, யார் எவ்வளவு பாக்கி என்பதை வெளியிலிருந்து வந்த அதிகாரிக்கு உள்ளூர்க் கைதான் எழுதித் தர வேண்டும். அந்தக் கை ஒதுங்கினால் ஆணை ஓலையிலேயே நின்றுவிடும்.

வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1980இல் வரைந்த சித்திரத்தில், மைய நிலப்பகுதிக்கு வெளியே மன்னனின் ஆட்சி பெரிதும் சடங்கு நிலையிலேயே இருந்தது. அந்தச் சித்திரத்துக்குள் இந்தக் கல்வெட்டு அடங்காது. அதிகாரியின் கை வயல்வரை நீளவில்லை என்றால், அவனுக்கு ஒதுங்க இடம் கொடுக்காதே என்று கல்லில் வெட்டுவானேன்? இவ்வகையில் வரலாற்றாய்வாளர்களான நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இக்கல்வெட்டுகளைச் சமூக மோதலின் ஆவணங்களாக வாசித்ததே எனக்கு ஏற்புடையது.

ஆனால் இதை மக்களாட்சியின் விடியல் என்று கொண்டாடவும் தயக்கம் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் ஏழைக் கணக்கனுக்கு ஒருபக்கம் இராசகரத்தார், மறுபக்கம் கத்தி. அதிகாரத்தைத் தடுத்த கூட்டம் தன்னளவில் ஓர் அதிகாரமாகவே நடந்துகொண்டது. அதற்கு எல்லை கட்ட ஆளில்லை. பின்னாளில் நாயக்கர் ஆட்சி வேரூன்றுவதையும் அது தடுத்துவிடவில்லை.

ஊராட்சி அதிகாரத்துக்கான இன்றைய எல்லைகளோ மேலிருந்து வரையப்பட்டவை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சித் தலைவரை நீக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. கடலூர் மாவட்டத்தில் 2019 டிசம்பரில்தான் ஊரகத் தேர்தல் நடந்தது. அந்த இடைவெளியில் போலவே 2025 சனவரியில் மீண்டும் அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்ற காப்பு, தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த இருவரும் இல்லாத காலத்தில் பொருளிழக்கிறது. கிராம சபையில் வரவு செலவு வாசிக்கப்படுகிறது, கேள்வியும் கேட்கலாம். அதற்குள் கணக்கு எழுதி முடிக்கப்பட்டிருக்கும்.