நாப்லஸின் எண்ணெய்க் கிணறுகள்

நாப்லஸ் நகரின் பழைய சோப்பு ஆலைகளுக்கு வந்தவர்களின் கண் முதலில் போவது செப்புக் கொப்பரை மீதுதான். ஆலையின் உண்மையான சொத்து அதற்கும் கீழே, கல் பாவிய தரைக்கு அடியில் இருந்தது. அங்கே வரிசையாக எண்ணெய்க் கிணறுகள். கிராமங்களிலிருந்து தோல் பைகளிலும் ஜாடிகளிலும் வந்த ஒலிவ எண்ணெய் அந்தக் கிணறுகளில் இறங்கி, அடுப்பு மூட்டும் நாள் வரை காத்துக் கிடக்கும்.

பாலஸ்தீனத்தில் எபால், கெரிசீம் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர் இது. விவிலியம் படித்தவர்கள் சீகேம் என்ற பெயரில் இந்த வட்டாரத்தை அறிந்திருப்பார்கள். பாலஸ்தீனத்திலிருந்து வெளியூர் போகும் சரக்குகளில் சோப்பையும் ஒன்றாக எழுதிவைத்தார், பத்தாம் நூற்றாண்டில் எருசலேமில் பிறந்த புவியியலாளர் அல்-முகத்தசி. ஆனால் நாப்லஸ் சோப்பின் பெரிய காலம் 18, 19ஆம் நூற்றாண்டுகள்தான். 1907இல் அந்த ஒரே ஊரில் முப்பது ஆலைகள் இயங்கின. பாலஸ்தீனம் முழுதுக்குமான சோப்பில் பாதி அங்கிருந்து வந்தது.

தேவையான பொருள்கள் கேட்க எளிமையானவை: ஒலிவ எண்ணெய், காரநீர், தண்ணீர். சங்கடம் அளவில்தான் தொடங்குகிறது. கொப்பரை ஒரு ஈட்டுக்குப் பல டன் எண்ணெயை விழுங்கும். பாதியில் எண்ணெய் தீர்ந்தது, காரம் போதவில்லை என்று அடுப்பை அவித்துவிட்டு ஆள் அனுப்ப முடியாது. எட்டு நாள் இடைவிடாமல் எரிய வேண்டிய அடுப்பு அது. ஆகவே எல்லாமே கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தீ. ஆனால் அந்தப் பொருள்கள் ஒரே பருவத்தில் கிடைப்பவை அல்ல, ஒரே மனிதர்களிடம் கிடைப்பவையும் அல்ல.

எண்ணெய் இலையுதிர்கால அறுவடையோடு வரும். ஒலிவ மரம் ஒரு வருஷம் நிறையக் காய்த்தால் மறு வருஷம் கையை விரித்துவிடும். வணிகர்கள் இதற்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று, நல்ல வருஷத்து எண்ணெயைக் கிணற்றில் சேமிப்பது. மற்றொன்று, காய் பழுக்கும் முன்பே உழவருக்குக் கடன் கொடுத்து, அறுவடையில் எண்ணெயாகவே திரும்ப வாங்கும் முன்பண ஒப்பந்தம். ‘சலம்’ என்று அதற்குப் பெயர். எண்ணெயின் விலை முன்பணம் கொடுக்கும்போதே முடிவாகிவிடும். அது பெரும்பாலும் வணிகருக்குச் சாதகமான விலை. நாப்லஸ் நீதிமன்றப் பதிவேடுகளைத் துருவி அந்த வட்டாரத்தின் வரலாற்றை எழுதிய பெஷாரா டூமானி, இந்தக் கடன் சங்கிலி கிராமத்தையும் நகரத்தையும் எப்படிப் பிணைத்தது என்று விரிவாகக் காட்டுகிறார். தோப்பு உழவருடையதாக இருந்தாலும், எண்ணெய் செக்கை விட்டு வருமுன்பே வணிகரின் கணக்கில் ஏறிவிட்டது. சோப்பின் மணத்தைப் புகழ்கிறவர்கள் இந்தப் பகுதியை அவ்வளவாகப் பேசுவதில்லை.

காரம் வேறு திசையிலிருந்து வந்தது. யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே, உப்புச் சத்துள்ள நிலத்தில் வளரும் செடிகளை நாடோடி அரபிகளான பெதுவின்கள் கோடையில் வெட்டிக் குவித்து எரிப்பார்கள். சாம்பலைச் சாக்குகளில் கட்டி ஒட்டக வரிசைகளில் நாப்லஸுக்குக் கொண்டுவருவார்கள். நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணிடம் வாங்கிய வேலையைத்தான் அங்கே இந்தச் சாம்பல் செய்தது. ஆனால் வெறும் சாம்பல் எண்ணெயைச் சோப்பாக்கும் அளவுக்கு வீரியமுள்ளதல்ல. அதை இடித்துத் தூளாக்கி, அக்கம்பக்கத்துச் சூளைகளில் சுட்ட சுண்ணாம்போடு கலக்க வேண்டும். சாம்பலிலுள்ள சோடியம் கார்பனேட்டோடு சுண்ணாம்பு சேர்ந்து அதைக் கடுங்காரமாக மாற்றும். வேதியியல் பாடம் படிக்காமலே அந்த விகிதம் அவர்களுக்குக் கைவந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் காய்ச்சுவது. சாம்பல், சுண்ணாம்புக் கலவையின் ஊடே தண்ணீரை வடியவிட்டு, காரம் ஏறிய நீரை எண்ணெயில் ஊற்றுவார்கள். மறுபடி வடிப்பது, மறுபடி ஊற்றுவது. எட்டு நாளில் சுமார் நாற்பது சுற்று. சுற்றுக்குச் சுற்று நீரின் காரம் கூடும். துடுப்பு போன்ற மரக்கோல் கொப்பரையைக் கிளறிக்கொண்டே இருக்கும். அடுப்புக்கு விறகாக, எண்ணெய் பிழிந்து மிஞ்சிய ஒலிவப் பிண்ணாக்கு. பதம் பார்ப்பது அனுபவம் முற்றிய மூத்தவரின் பொறுப்பு. அவர் தலையசைத்ததும் கொதிக்கும் குழம்பை வாளிகளில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறுவார்கள். மேல்தளத் தரை முழுவதும் அதைப் பரப்பி, இறுகியதும் கோடு போட்டு, வெட்டி, ஒவ்வொரு கட்டியிலும் முத்திரை அடிப்பார்கள். பிறகு கட்டிகளை நடுவில் காலியாக விட்டு, காற்றோடும்படி கூம்புகளாக உத்தரம் வரை அடுக்குவார்கள். காய மூன்று மாதமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம்.

அத்தனை நாளும் முதல் முடங்கிக் கிடக்கும். முன்பணம் கொடுத்த நாளிலிருந்து கட்டி விற்கும் நாள் வரை கணக்கிட்டால், இரண்டு வருஷம் காசு திரும்பாமலே போகலாம். பணமும் பொறுமையும் உள்ள சில குடும்பங்களின் கையில் இந்தத் தொழில் குவிந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பொருள்களைச் சேர்த்து வைக்கும் திறமையே அவர்களுடைய கோட்டைச் சுவர்.

அந்தச் சுவரில் முதல் ஓட்டை போட்டது தொழிற்சாலை சோடா. பிரான்சில் நிக்கலஸ் லெப்லாங்க் 1791இல் சாதாரண உப்பிலிருந்து சோடா எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1860களில் பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே அதைவிட மலிவான முறையைக் கொண்டுவந்தார். ஐரோப்பாவின் காஸ்டிக் சோடா நாப்லஸ் வரை வந்ததும் ஒட்டக வரிசை, உரல், சூளைச் சுண்ணாம்பு எல்லாம் மெல்ல மெல்லத் தேவையற்றுப் போயின. ஆலைக்காரருக்கு வேலை சுளுவானது உண்மை. ஆனால் அதே சோடா எந்தத் துறைமுகத்திலும் கிடைக்கும், எவரும் வாங்கலாம். பெதுவின் குடிகளோடு தலைமுறை தலைமுறையாக வளர்த்த உறவுக்குச் சந்தையில் மதிப்பில்லாமல் போயிற்று.

அதன் பிறகும் அடிகள் விழுந்தன. 1927 ஜூலை மாத நிலநடுக்கம் பழைய நகரைக் குலுக்கி ஆலைகளைச் சேதப்படுத்தியது. இயந்திரத்தில் வார்த்த மலிவுச் சோப்பு சந்தையைப் பிடித்தது. 2002 ஏப்ரலில் இஸ்ரேலிய ராணுவத் தாக்குதலில் பழைய நகரின் ஆலைகள் சில இடிந்தன. 1872இல் தொடங்கிய, இரட்டைச் சாவி முத்திரை கொண்ட துக்கான் ஆலை போன்ற மிகச் சிலவே இந்த நூற்றாண்டிலும் கையால் வெட்டி, கையால் முத்திரையிட்டு வந்தன.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ நாப்லஸ் சோப்புத் தொழிலை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே கூட்டத்தில் சிரியாவின் அலெப்போ சோப்பும் இடம்பெற்றது. அந்த அங்கீகாரம் ஆலைகளோடு நிற்கவில்லை. ஒலிவ அறுவடை முடிந்ததும் வீட்டுக்கான சோப்பை வீட்டிலேயே காய்ச்சும் குடும்பங்களுக்கும் அது சேரும். அவர்களுக்குக் கிணறு தேவையில்லை. சமையலுக்குப் போக மிஞ்சிய எண்ணெயும் கடையில் வாங்கிய காரமும் போதும்.