கலை வாரமும் நிலவாரமும்: மியாமி நகர நூதனசாலைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நகரின் கலை வரலாற்றை அதன் காணி வரலாற்றிலிருந்து பிரித்தெடுத்து எழுதும் முயற்சிகள், பெரும்பாலும் கொடையாளரின் புகழ்மாலையாகவோ கட்டடக் கலைஞரின் சாதனைப் பட்டியலாகவோ முடிவதை நாம் அவதானித்து வந்துள்ளோம். ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து மியாமி நகரிலே 2002ஆம் ஆண்டு முதல் டிசெம்பர் மாதத் தொடக்கத்தில் கூடிவரும் கலை வாரத்தைப் பற்றி எழுதப்படுவனவும் இதற்கு விலக்கன்று. அவ்வாரத்தில் நகரின் சமகாலக் கலை நூதனசாலைகள் எவற்றைக் காட்சிக்கு வைத்தன, யாரை மனதிற்கொண்டு வைத்தன, அதனால் யாருடைய காணி விலையேறிற்று ஆகிய மூன்று வினாக்களையும் ஒருங்கே எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும். 'வாரம்' என்னும் சொல் எமது மொழியில் ஏழு நாட்களையும் குறிக்கும். விளைவில் நிலத்துக்குரியவன் பெறும் பங்கையும் குறிக்கும். மேல்வாரம், குடிவாரம் என எமது நில உறவுகள் அறிந்திருந்த வேறுபாடு இங்கு வெறும் சிலேடையாக நின்றுவிடவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

மியாமி மிக இளைய நகரம். 1896இல் ஹென்றி பிளக்லர் என்னும் முதலாளியின் புகையிரதப் பாதை பிஸ்கேன் குடாக் கரையை வந்தடைந்தது. அதே ஆண்டு ஜூலை மாதம் நகரம் சட்டப்படி அமைக்கப்பட்டது. அதற்குப் போதிய வாக்காளர் தொகையைக் காட்டவேண்டியிருந்தமையால், பாதை அமைக்கவும் ஹோட்டல் கட்டவும் கொண்டுவரப்பட்ட கறுப்பினத் தொழிலாளரும் அன்று வாக்களிக்க அழைக்கப்பட்டனர். வாக்கின் தேவை முடிந்ததும் அவர்கள் பாதைக்கு அப்பாலிருந்த ஒரு பகுதிக்குள் ஒதுக்கப்பட்டனர். பின்னர் ஓவர்டவுன் எனப் பெயர்பெற்ற அப்பகுதியை 1960களில் 95ஆம் இலக்க நெடுஞ்சாலை ஊடறுத்தது. அங்கு வாழ்ந்தோரில் ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். 1980 மே மாதத்தில், கறுப்பினத்தவர் ஒருவரை அடித்துக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பொலிஸார் விடுதலை செய்யப்பட்டபோது மூண்ட கலவரத்தில் 18 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 125,000 பேரும் ஹெயிட்டியிலிருந்து பல்லாயிரவரும் படகேறி வந்தனர். நாம் இங்கு சிறப்பாக எடுத்துக்கொள்ளும் இரு நூதனசாலைகளின் மூல நிறுவனங்களும் இக்கொந்தளிப்பை அடுத்தே, முறையே 1981இலும் 1984இலும், தோன்றியவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

நெருப்பும் புகையுமாக உலகப் பத்திரிகைகளில் இடம்பெற்றிருந்த நகருக்கு வேறொரு படம் தேவைப்பட்டது. 1983 மே மாதத்தில் கிறிஸ்டோ, ஜான் குளோட் ஆகிய கலைஞர் இருவரும் பிஸ்கேன் குடாவின் 11 தீவுகளை இளஞ்சிவப்புத் துணியால் சூழ்ந்து அப்படத்தை வழங்கினர். கலைஞரின் நோக்கம் விளம்பரம் அன்று. ஆயினும், வானிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு நிழற்படம் நகரின் பெயரை மாற்றவல்லது என்பதை நகரின் ஆளும் வர்க்கம் கண்டுகொண்டது. மறு ஆண்டு நகர மையத்தில் நுண்கலை நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்குச் சொந்தமாக ஓர் ஓவியமேனும் இருக்கவில்லை. பிற இடங்களிலிருந்து வரும் காட்சிகளை ஏற்று நடத்துவதே அதன் பணி. 1996இல் அது மியாமி கலை நூதனசாலையாகப் பெயர் மாறிக் கலைப்பொருட்களைத் திரட்டத் தொடங்கியது. பழம்பொருட்களை வைக்கும் கூடத்துக்கு 'நூதன' சாலை என்று எமது நாட்டார் பெயரிட்டதை நாம் பலமுறை வியந்ததுண்டு. சமகாலக் கலைக்கென எழுந்த இத்தகைய நிறுவனங்களிலேதான் அச்சொல் தன் நேர்ப்பொருளை அடைந்துள்ளது போலும்.

இனி, கலைச்சந்தைக்கு வருவோம். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே கலைப்பொருள் விற்பனையாளர் சிலர் 1970இல் தொடக்கிய சந்தை, தன் அமெரிக்கக் கிளையை மியாமிக் கடற்கரையில் 2001 டிசெம்பரில் திறக்கவிருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 11 தாக்குதல்களால் அது ஓராண்டு பிற்போடப்பட்டது. டிசெம்பர்த் தொடக்கம் ஹோட்டல் அறைகள் வெறுமையாகக் கிடக்கும் காலம். நத்தார் விடுமுறைக் கூட்டம் அப்போது வந்து சேர்ந்திருக்காது. வெறுமையை நிரப்ப வந்த சந்தை, சில ஆண்டுகளுள் துணைச்சந்தைகளையும் விருந்துகளையும் சுற்றிலும் திரட்டிக்கொண்டு நகரம் முழுவதற்குமான 'வாரம்' ஆயிற்று. பெருந்தொற்று நிலவிய 2020இல் மட்டுமே சந்தை நேரிற் கூடவில்லை.

சந்தை நடக்கும் ஊரில் நூதனசாலைக்கு என்ன வேலை? கலைப் படைப்பின் விலையை அதில் உறைந்துள்ள உழைப்பு நேரத்தைக் கொண்டு மட்டும் விளக்க முயல்வோர் விரைவில் இடர்ப்படுவர். மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில், நிலவாரத்தை ஆராயும் பகுதியிலேயே, உழைப்பினால் மீளுற்பத்தி செய்யவியலாத தொல்பொருட்களையும் சில கலைஞரின் படைப்புக்களையும் நிலத்தோடு ஒருசேர வைத்துப் பேசுவது தற்செயலன்று. இரண்டினதும் விலை, உடைமையின் ஏகபோகத்தில் தங்கியுள்ளது. டேவிட் ஹார்வி இக்கருத்தைப் பண்பாட்டுத் துறைக்கு விரித்து, ஓர் இடத்தின் தனித்தன்மையே ஏகபோக வாரத்துக்கு மூலமாவதை விளக்கியுள்ளார். நூதனசாலை, தான் விற்காத ஒன்றுக்குச் சான்றிதழ் வழங்குகின்றது. அச்சான்றிதழ் ஓவியத்தின் விலையையும் உயர்த்தும். அயலிலுள்ள காணியின் விலையையும் உயர்த்தும்.

வின்வுட் பகுதியே இதற்குத் தெளிவான சான்று. போட்டோரிக்கோவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களும், ஆடைத் தொழிலின் பண்டகசாலைகளும் நிறைந்திருந்த இடம் அது. 1993இல் ரூபெல் குடும்பத்தினர், போதைப்பொருள் தடுப்புத் துறை பறிமுதற் பொருட்களை வைத்திருந்த பண்டகசாலை ஒன்றில் தமது ஓவியத் திரட்டைத் திறந்தனர். 2009இல் காணி வணிகர் ஒருவர் அங்குள்ள பண்டகசாலைச் சுவர்களைச் சுவரோவியர்களுக்குக் கொடுத்தார். வாடகை உயர்ந்தது, குடும்பங்கள் அகன்றன, முதலில் வந்த ஓவியர்களும் பின்தொடர்ந்தனர். 2019 டிசெம்பரில் ரூபெல் திரட்டே வின்வுட்டை நீங்கி, மேற்கேயுள்ள அலபட்டா என்னும் தொழிற்பகுதிக்கு இடம்பெயர்ந்தது. அவ்வாரத்தில் உலகப் பத்திரிகைகள் யாவும், சந்தையிலே சுவரில் ஒட்டப்பட்டு 120,000 டொலருக்கு விலைபோன வாழைப்பழத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தன. நகைப்புக்குரியதைக் காட்டி முதன்மையானதை மறைப்பது பூர்ஷுவாப் பத்திரிகைத் துறைக்குப் புதிதன்று.

மியாமி கலை நூதனசாலையின் புதிய கட்டடத்துக்கு மாவட்ட வாக்காளர்கள் 2004இல் நிறைவேற்றிய முறித்திட்டத்திலிருந்து 100 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. நிலமும் பொது நிலம். ஆனால் 2011இல், பணமும் ஓவியங்களுமாக 35 மில்லியன் டொலர் பெறுமதியான கொடையை அறிவித்த ஹோர்கே பெரெஸின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பெரெஸ் தொடர்மாடிக் கட்டட வணிகர். வறியோருக்கான வீடுகளைக் கட்டித் தொழிலைத் தொடங்கியவர். பொதுப்பணம் பெருமளவு நின்ற இடத்தில் தனியொருவர் பெயரா என்று எதிர்த்து நிருவாக சபை உறுப்பினர் சிலர் பதவி விலகினர். 2013 டிசெம்பர் 4ஆந் திகதி, கலை வாரத்தின் நடுவிலேயே, நூதனசாலை திறக்கப்பட்டது. கட்டட வடிவமைப்பாளர்களான ஹேர்சொக், டி மொய்ரோன் ஆகியோரும் பாசல் நகரத்தவரே.

திறப்பு வாரத்தின் முதன்மைக் காட்சி சீனக் கலைஞர் அய் வெய்வெய்யினுடையது. அவர் அப்போது தம் நாட்டை விட்டு வெளியேற அனுமதியின்றி இருந்தார். அரச அடக்குமுறைக்கு எதிரான அவரது குரல் மதிக்கத்தக்கதே. எனினும், கரிபியக் கலையின் இரு நூற்றாண்டுகளை விரித்துக் காட்டிய பெருங்காட்சி அதே நூதனசாலைக்கு 2014 ஏப்பிரலில் வந்து ஓகஸ்டில் முடிந்தது என்பதையும் சேர்த்து நோக்கவேண்டும். வெளியார் வரும் குளிர்காலத்துக்குப் பெய்ஜிங். ஊரார் மட்டும் எஞ்சும் வெயிற்காலத்துக்குக் கரிபியன். நிகழ்ச்சி நிரல் என்பது ஒரு வர்க்க ஆவணமுமாகும்.

2014 பெப்ரவரி 16ஆந் திகதி, டொமினிக்கன் குடியரசில் பிறந்து மியாமியில் நெடுங்காலம் வாழ்ந்த ஓவியர் மாக்சிமோ கமினேரோ, அய் வெய்வெய்யின் வண்ணம் தோய்த்த பழங்கலசங்களுள் ஒன்றைத் தூக்கித் தரையில் போட்டுடைத்தார். உள்ளூர்க் கலைஞருக்கு இடமளிக்கப்படாமைக்கு எதிர்ப்பு என்றார். பின்சுவரிலே, ஹான் காலத்துக் கலசத்தை அய் வெய்வெய்யே கைநழுவவிட்டு உடைக்கும் 1995ஆம் ஆண்டு நிழற்படங்கள் தொங்கின. பத்து இலட்சம் டொலர் எனத் தொடக்கத்தில் சொல்லப்பட்ட கலசத்துக்கு நீதிமன்றம் விதித்த நட்டஈடு 10,000 டொலர். அத்தோடு 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பும் 100 மணிநேரப் பொதுப்பணியும். கமினேரோ பின்னர் மன்னிப்புக் கோரினார். இச்செயலை வீரமாகக் கொண்டாடுவதில் எமக்கு உடன்பாடில்லை. உடைந்தது அரசு துன்புறுத்திய ஒரு கலைஞனின் படைப்பு. உடையாமல் நின்றது நிருவாக சபை. ஆயினும், நீதிமன்றத்தில் கலசம் பற்றி மட்டுமே விசாரணை நடந்தது. அவர் எழுப்பிய வினா விசாரிக்கப்படவில்லை. நூதனசாலை அவ்வினாவை முற்றாகச் செவிமடுக்கவில்லை என்றும் கூறிவிட முடியாது. 2015 கலை வாரத்தில் யமேய்க்காவிற் பிறந்த நாரி வார்டின் காட்சியும், 2019இல் மியாமியிலேயே பிறந்த தெரெசிற்றா பெர்னாண்டஸின் காட்சியும் அங்கு இடம்பெற்றன. வருமிடத்து, இம்மாற்றத்துக்கு ஒரு கலசம் காரணமாயிற்றா, சந்தையின் சுவை மாறியமை காரணமாயிற்றா என்ற வாதம் நீளும். இரண்டாவதன் பங்கே பெரிதென்பது எமது கணிப்பு.

நகரின் சுவர்களில் அனுமதியின்றி எழுதியோர் நிலை வேறு. 2013 ஓகஸ்டில் மியாமிக் கடற்கரையில், கைவிடப்பட்ட கட்டடமொன்றின் சுவரில் வண்ணம் தெளித்த 18 வயது இளைஞர் ஒருவர் பொலிஸாரின் மின்னதிர்வுக் கருவியால் தாக்கப்பட்டு இறந்தார். 2014 கலை வாரத்தில், பொலிஸ் வன்முறைக்கு எதிராகத் திரண்டோர் சந்தைக்குச் செல்லும் 195ஆம் இலக்க நெடுஞ்சாலையை மறித்து நின்றனர். வின்வுட்டில் சுவரோவியங்களுக்கு முன்னே அதே வாரம் மக்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தனர்.

எமது கவனத்தை மிகுதியும் ஈர்ப்பது நோர்த் மியாமியின் வரலாறே. அது தனி மாநகர சபையைக் கொண்ட சிறு நகரம். குடிகளில் பெரும் பகுதியினர் ஹெயிட்டிய வழியினரான உழைக்கும் மக்கள். 1981இல் சிறு நிலையமாகத் தொடங்கி 1996இல் புதிய கட்டடத்துக்கு மாறிய அதன் சமகாலக் கலை நூதனசாலை, மாநகர சபைக்குச் சொந்தமான கட்டடத்திலே, செல்வந்தர் நிறைந்த நிருவாக சபையால் நடத்தப்பட்டது. கலை வாரங்களில் அதன் திறப்பு விழா தவறவிடக்கூடாத விருந்தாயிற்று. 2013 டிசெம்பரில், பெரெஸ் நூதனசாலை திறந்த அதே நாட்களில், ஆங்கிலக் கலைஞர் ட்ரேசி எமினின் நியோன் விளக்கெழுத்துக்கள் இங்கு ஒளிர்ந்தன. அதே நிறுவனம் மாதத்தின் இறுதி வெள்ளிக்கிழமை மாலைகளில் முன்றலில் இலவச ஜாஸ் இசையும் நடத்திவந்தது. ஒரே கட்டடத்துக்கு இரு நாட்காட்டிகள்.

2012இல் கட்டடத்தை விரிக்க 15 மில்லியன் டொலர் முறித்திட்டம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. அதைத் தீர்க்கவேண்டியது குடிகளின் சொத்துவரி. வாக்காளர் நிராகரித்தனர். கலையுணர்வற்ற சிற்றூர் என்ற ஏளனம் அப்போதே எழுந்தது. இன்றும் சில எழுத்துக்களில் தொடர்கின்றது. 2004இல் நூறு மில்லியன் டொலருக்கு இணங்கியது இதே மாவட்டத்தின் வாக்காளர் திரள்தான் என்பதை ஏளனம் செய்வோர் மறந்துவிடுகின்றனர். அன்று செலவு மாவட்டம் முழுவதற்கும் பரந்தது. இன்று மேல்வாரம் வெளியாருக்கும் வரிச்சுமை தமக்கும் என்று குடிகள் கணக்கிட்டனர். அவர்களது கணக்கு பிழையானதென்று காட்டுவோர் அதை எண்களாற் காட்டவேண்டும். அத்தோடு, ஒரு விரிவாக்கம் அவர்களது பிள்ளைகளுக்கும் பயன்பட்டிருக்கக்கூடும் என்பதை நாமும் மறுக்கவில்லை.

2014இல் நிருவாக சபை, கட்டடம் பேணப்படவில்லையென மாநகர சபைமீது வழக்குத் தொடுத்து வெளியேற முயன்றது. இணக்கம் காணப்பட்டபோது, வெளியேறியோர் திரட்டின் ஒரு பகுதியுடன் மியாமியின் வடிவமைப்பு வட்டாரத்துக்குச் சென்று, சமகாலக் கலை நிறுவகம் என்ற பெயரில் அவ்வாண்டுக் கலை வாரத்திலேயே தற்காலிகக் கட்டடமொன்றைத் திறந்தனர். 2017 டிசெம்பர் 1ஆந் திகதி, அடுத்த கலை வாரம் தொடங்கவிருக்கையில், புதிய கட்டடம் எழுந்தது. கட்டடச் செலவை மோட்டார் வாகன வணிகரான நோர்மன் பிராமன் குடும்பம் ஏற்றது. காணியை அவ்வட்டாரத்தின் ஆடம்பரக் கடைத்தொகுதியை நடத்தும் நிறுவனம் கொடையளித்தது. அனுமதி இலவசம். அதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் இலவச நூதனசாலைக்கு வருவோர் கடைத்தெருவைக் கடந்தே வரவேண்டும் என்பதையும் குறித்துக்கொள்கிறோம். அதற்கு வடக்கே 'சிறு ஹெயிட்டி' தொடங்குகின்றது. கடல்மட்டம் உயரும் இந்நாட்களில், மேட்டு நிலமாகிய அப்பகுதிமீது காணி வணிகரின் பார்வை திரும்பியுள்ளது.

பணமும் பெயரும் போனபின் நோர்த் மியாமி நூதனசாலை மூடப்படும் என்றே பலர் எதிர்பார்த்தனர். அது மூடப்படவில்லை. 2018 கலை வாரத்தில் அங்கு காட்சியளித்தது, சிக்காகோவில் 1968இல் உருவான ஆப்ரிக்கோப்ரா என்னும் கறுப்பினக் கலைஞர் குழு. சாதாரண குடும்பங்களும் வாங்கத்தக்க விலையில் அச்சுப் பிரதிகளைப் பரப்பியோர் அவர்கள். சந்தை வாரத்திலே அதனைக் காட்சிக்கு வைத்தமை, நிகழ்ச்சி நிரலால் ஒரு நூதனசாலை ஆற்றக்கூடிய விமர்சனம் எனலாம். அவ்வாறாயினும், அக்குழுவினரின் மூலப்படைப்புக்களை அதே சந்தை பின்னர் அதிக விலைக்கு ஏற்கத் தடையேதும் இருக்கவில்லை. முரண்பாட்டை நூதனசாலை தீர்த்துவைக்கவில்லை. அதற்குள் நின்றே இயங்கியது.

2022இல் அங்கு நடைபெற்ற டிடியே வில்லியமின் காட்சி இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகின்றது. போட்டோபிறின்ஸில் பிறந்து, சிறு வயதில் குடும்பத்தோடு வந்து, நோர்த் மியாமியிலேயே வளர்ந்தவர் அவர். காட்சியின் பெயர் ஹெயிட்டியக் கிரியோல் மொழியில் அமைந்தது. அனைத்தையும் விட்டுவந்தோம் என்பது அதன் பொருள். மரப்பலகையில் செதுக்கியும் வண்ணந் தீட்டியும் அவர் அமைக்கும் உருவங்களின் மேனியெங்கும் கண்கள் நிறைந்திருக்கும். பார்க்கப்படுவோராக மட்டும் இருந்தோர் அவ்வோவியங்களில் திரும்பிப் பார்க்கின்றனர். பத்தாண்டுகளுக்கு முன் முறித்திட்டத்தை நிராகரித்த ஊர், அதே கட்டடத்தினுள் தன் வீடுகளையும் தன் மொழியையும் கண்டது. காட்சி நவம்பர் 2ஆந் திகதி தொடங்கி 2023 ஏப்பிரல் 16 வரை நீடித்தது. அதில் கலை வாரம் கொண்டது ஒரு வாரமே. ஏனைய இருபத்திரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட காலமும் சந்தைக்கு வந்தோர் திரும்பிச் சென்ற பின்னரும் முன்னருமாக ஊராருக்கே எஞ்சியிருந்தது.