கே. பி. சுந்தராம்பாள்: துறவுக் கோலமும் நடிப்புத் தொழிலும்

தமிழ் நாடக, திரைப்பட வரலாற்றில் கே. பி. சுந்தராம்பாளின் வாழ்க்கை பெரும்பாலும் ஒரு பக்திக் கதையாகவே எழுதப்பட்டுள்ளது. கணவர் எஸ். ஜி. கிட்டப்பாவின் மறைவுக்குப் பின் வெண்ணிற ஆடை பூண்டு, ஆண் நடிகருக்கு இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்ட பத்தினி என்பதே அச்சித்திரம். அது பொய்யன்று. ஆயினும் அந்த உறுதி அவருடைய தொழில் வாழ்வில் என்ன செய்தது என்ற வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

சுந்தராம்பாள் 1908ஆம் ஆண்டு காவிரிக்கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். பெயருக்கு முன்னுள்ள எழுத்துகள் ஊரையும் தாயார் பாலாம்பாளையும் குறிப்பன. வறுமை சூழ்ந்த இளமையில் வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்து, ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் வாடும் ஆண் குழந்தையாக மேடையேறினார். அவருடைய முதல் வேடமே ஆண் வேடம் என்பது பின்னர் நிகழ்ந்தவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது.

அவர் வளர்ந்த உலகம் ‘ஸ்பெஷல் நாடக’ உலகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலியோர் வகுத்த பாடங்களை மனப்பாடம் செய்த நடிகர்கள், ஓர் இரவுக்கென்று தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டு மேடையில் சந்தித்துக்கொள்வர். ஒத்திகை இல்லை; ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசை வரை எட்டும் குரலும், எதிரில் நிற்பவரின் பாட்டுக்கு அக்கணமே மறுமொழி தரும் திறமும் உடையவரே நிலைத்தனர். இம்முறையில் நடிகை எந்தக் குழுவுக்கும் அடிமையல்லள். தன் ஊதியத்தைத் தானே பேசிக்கொள்பவள். ஆனால் அதே முறையில் அவளுக்குக் காப்பும் இல்லை.

1926ஆம் ஆண்டு கொழும்பில் அவரும் கிட்டப்பாவும் மேடையில் இணைந்தனர். கிட்டப்பா, 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டையினர், அந்தணர், முன்னரே மணமானவர். மேடை இணை வாழ்க்கை இணையாயிற்று. ‘வள்ளி திருமணம்’ அவர்கள் புகழின் உச்சம். இல்லறமோ நிலைக்கவில்லை. பிறந்த குழந்தை விரைவில் இறந்தது. பிரிவும் மனத்தாங்கலும் வளர்ந்தன. சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் அக்காலத்து நடிகை ஒருத்தியின் அகவாழ்வுக்கு அரிய சான்றுகள். 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதில் காலமானபோது சுந்தராம்பாளுக்கு வயது 25.

இந்நிலையில்தான் அவர் மேற்கொண்ட உறுதியைத் தொழில் நோக்கில் பார்க்க வேண்டியுள்ளது. 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்ததிலிருந்து நாடக நடிகையர் திரைக்குச் சென்றுகொண்டிருந்தனர். அங்கே அவர்களுக்கெனக் காத்திருந்தது காதலியின் வேடம். காதல் காட்சியை மறுத்த ஒருத்திக்கு அங்கு இடமிருக்கும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது. ‘நந்தனார்’ படத்துக்காகத் தயாரிப்பாளர் அசன்தாஸ் அணுகியபோது, எவரும் தர இயலாது என்று கருதியே சுந்தராம்பாள் 1 லட்சம் ரூபாய் கேட்டார் என்பர். அத்தொகை தரப்பட்டது. 1935இல் வெளிவந்த அப்படத்தில் அவர் நந்தனாராகவே, ஓர் ஆணாகவே நடித்தார். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர்.

பெண் ஆண் வேடம் பூணுதல் மேடை மரபே. 1941இல் ‘சாவித்திரி’யில் எம். எஸ். சுப்புலட்சுமி நாரதராக நடித்ததும் அம்மரபின் நீட்சியே. சுந்தராம்பாளோ அதைத் தம் உறுதிக்குள் நின்றே தொழில் செய்யும் வழியாக்கிக்கொண்டார். அடுத்தடுத்த வேடங்களை வரிசைப்படுத்தினால் இது விளங்கும்: 1940இல் மணிமேகலை, 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’, 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள், 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவை, 1973இல் காரைக்கால் அம்மையார். துறவி, மூதாட்டி, பேய்வடிவு வேண்டிப்பெற்ற அடியாள் எனத் தமிழிலக்கிய மரபு பெண்ணுக்கு இல்லறத்துக்கு வெளியே தந்திருந்த இடங்கள் அனைத்திலும் அவர் நின்றார்.

உறுதி வேடத்தோடு நிற்கவுமில்லை. ‘பூம்புகார்’ படத்துக்கு உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி, சுந்தராம்பாளோ காங்கிரசுக்காரர், முருக பக்தர். தெய்வம் எங்கே போயிற்று என்று வினவும் பாடல் வரியைப் பாட அவர் மறுத்ததும், தெய்வம் வந்துவிட்டது என்ற பொருளில் அவ்வரி மாற்றப்பட்டதும் திரையுலகில் நன்கறியப்பட்ட செய்தி. நடிகை ஒருத்தி எழுத்தை மாற்றச் செய்த நிகழ்வுகள் அக்காலத்தில் மிகச் சில.

பொதுவாழ்விலும் இதே கோலம் அவருக்குத் துணைநின்றது. சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரசு மேடைகளில் பாடினார். ‘நாடகக்காரி’ என்ற சொல் வசையாக வழங்கிய சமூகத்தில், கதராடையும் திருநீறும் அணிந்த அவரை எவரும் அவ்வாறு எளிதில் ஒதுக்க இயலவில்லை. 1951இல் சென்னை மாகாண மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்ற அவையொன்றில் இடம்பெற்ற முதல் திரைக்கலைஞர் அவரே என்பர். ‘துணைவன்’ படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதையும், 1970இல் பத்மஸ்ரீ விருதையும் பெற்றார். 1980இல் மறைந்தார்.

இதற்கு அவர் கொடுத்த விலையும் கணக்கில் வர வேண்டும். 1935 முதல் 1964 வரையிலான முப்பது ஆண்டுகளில் அவர் நடித்த படங்கள் நான்கே. ‘மணிமேகலை’க்கும் ‘ஔவையா’ருக்கும் இடையே 13 ஆண்டுகள். தம் வயதுக்குரிய ஒரு பெண்ணை, சினமும் ஆசையும் உடைய ஒருத்தியை, அவர் திரையில் ஏற்கவே இல்லை. மேடையில் கிட்டப்பாவோடு வாதாடிய வள்ளியின் துடுக்கு பதிவாகாமலே போயிற்று.

சுந்தராம்பாளின் வைதவ்யத்தைத் தியாகம் என்று மட்டும் போற்றுவோர் அவருடைய தொழில் அறிவைக் காணத் தவறுகின்றனர். தந்திரம் என்று மட்டும் விளக்குவோர் அவருடைய துயரைக் காணத் தவறுகின்றனர். சமூகம் பெண்ணின் வாழ்வை முடித்துவைக்கப் பயன்படுத்திய ஒரு கோலத்தை அணிந்தே அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தம் நிபந்தனைகளின்படி உழைத்தார். நாடக மகளிர் வரலாற்றை எழுதப் புகும் மாணவர்கள், வேடங்களின் பட்டியலோடு அவர்கள் மறுத்த வேடங்களின் பட்டியலையும் தொகுக்கத் தொடங்கினால், இத்தகைய வாழ்க்கைகள் இன்னும் பல புலப்படக்கூடும்.