அண்ணனின் புல்லட்டும் அம்மீட்டர் முள்ளும்

என் அண்ணன் 1979-இல் திண்டிவனத்தில் ஒரு புல்லட் வாங்கினார். புதிது இல்லை, ஏழெட்டு வருடம் ஓடிய வண்டி. கூட்டுறவுத் துறையில் அவருக்கு வேலை. மயிலம், மரக்காணம், செஞ்சி என்று கிராமம் கிராமமாகச் சங்கக் கணக்குப் பார்க்கப் போவார். நான் அப்போது திண்டிவனம் தாலுக்கா ஆபீசில் எழுத்தர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு வந்து, தமிழில் கோப்பு எழுதத் திணறிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆபீஸ் வாசலில் அண்ணன் வண்டியை அணைக்கும் விதம் இன்னும் காதில் இருக்கிறது. சாவியைத் திருப்ப மாட்டார். இடக்கைப் பக்கமுள்ள டிகம்ப்ரஷன் லீவரைப் பிடிப்பார். சைலன்சர் வால்வு கொஞ்சம் திறந்துகொள்ள, புஸ், புஸ், புஸ் என்று பெருமூச்சு விட்டு எஞ்சின் நிற்கும்.

அண்ணன் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. வண்டி விழுப்புரத்தில் அண்ணி வீட்டுத் தாழ்வாரத்தில் கோணி போர்த்திக் கிடந்தது. போன வருடம் பிரான்சில் இருக்கும் அண்ணன் மகன் போன் செய்து, "அதைச் சரி பண்ணிடுங்க சித்தப்பா, தாத்தா வண்டிச் சத்தத்தை என் பையன் ஒரு தடவை கேட்கணும்" என்று சொல்லிப் பணமும் அனுப்பினான். ஒரு பட்டறையில் விட்டோம். (பெயர் வேண்டாம்.) ஒன்பது மாதம் கழித்து, புது பிஸ்டன், புது வயரிங், பளபளவென்று பெயின்டோடு வண்டி வந்தது. எல்லாம் வந்தது, உயிர் மட்டும் வரவில்லை. உதைத்து உதைத்து எதிர்வீட்டுப் பையனுக்கு முட்டி வீங்கியதுதான் மிச்சம். பட்டறையில் கேட்டால், எஞ்சினை மறுபடி இறக்க வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அண்ணன் மகன் குடும்பத்தோடு வந்து இறங்க ஐந்து நாள்தான் இருந்தது. அண்ணி சலித்துப்போய், "அவரோட போச்சுன்னு நினைச்சுக்கிட்டு யாருக்காவது கொடுத்துடலாம் தம்பி" என்றார்.

இந்த வண்டிக்கும் நம் பக்கத்துக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்தது ராயல் என்ஃபீல்டு. புல்லட் என்ற பெயர் 1932-இலேயே உண்டு. நமக்குப் பழக்கமான உருவம் 1940-களின் இறுதியில், பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்த சட்டத்தோடு வந்தது. 1950-களின் முற்பகுதியில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 350 சி.சி. புல்லட் எண்ணூறு கேட்டது. அதன் தொடர்ச்சியாக மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவின் கைக்கு மாறியது. அதற்கு மறு வருடம் இது. எனக்கு அப்போது ஏழு வயது.

முதலில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூரில் ஆலை எழுந்தது, பாகங்களையும் இங்கேயே வார்த்தார்கள். ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் அந்தத் தொழிலே முடிந்துவிட்டது. திருவொற்றியூரில் மட்டும் ஏறக்குறைய அதே எஞ்சினைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். 1977-இல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். பழைய மாதிரியையே பிடித்துக்கொண்டிருந்தது சோம்பல் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்தச் சோம்பலால்தான் ஐம்பதுகளின் மெக்கானிக் வித்தை நம் ஊர்ப் பட்டறைகளில் இரண்டு தலைமுறைக்கு மேல் சாகாமல் இருந்தது. 2008-க்குப் பிறகு புது எஞ்சினும் எலக்ட்ரானிக் இக்னிஷனும் வந்தன. அதைப் பார்த்தே தொழில் கற்ற பையன்களுக்குப் பாயிண்ட் என்றால் என்னவென்று தெரிய வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

அந்தப் பாயிண்டைப் பற்றி ஒரு பழைய ஞாபகம். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய என் மாமா ஒருவர், எந்தக் கார் நின்றாலும் "டெல்கோவைப் பார்" என்பார். பிரெஞ்சில் நெருப்புப் பொறியைப் பங்கிடும் அந்தக் குடுவைக்கு டெல்கோ என்றுதான் பேர். சுத்தமான பிரெஞ்சுச் சொல் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் வைத்திருந்த கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் அது. பேட்டரி, காயில், பாயிண்ட் கொண்ட அவருடைய ஏற்பாடு 1910 மாடல் கேடிலாக் காரில் வந்தது. அதே மனிதர்தான் இரண்டு வருடத்தில் உதைக்காமல் சுற்றாமல் கிளம்பும் செல்ஃப் ஸ்டார்ட்டரையும் கொடுத்தார். நாமோ அவருடைய முதல் வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னும் உதைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள், திண்டிவனத்தில் முன்பு அண்ணன் வண்டியைப் பார்த்துவந்த பாய் ஞாபகத்துக்கு வந்தார். கடையை மூடிப் பல வருடம் ஆகிறது. கண்ணில் புரை வேறு. ஆட்டோ வைத்து அழைத்து வந்தேன்.

அவர் ஸ்பேனர் எதையும் கேட்கவில்லை. "என்னென்ன பார்த்தீங்க சார்?" என்றார். பெட்ரோல் வருகிறது, பிளக்கைக் கழற்றிப் பிடித்தால் பொறி நன்றாகவே அடிக்கிறது, பாயிண்ட் இடைவெளி சரி, அமுக்கமும் இருக்கிறது என்றேன். உதைத்தால் சில சமயம் கார்புரேட்டர் பக்கம் பட்டென்று தும்முகிறது என்றும் சொன்னேன். "தும்முதா?" என்று திரும்பக் கேட்டார்.

பிறகு சாவியைப் போட்டு, வலது காலைக் கிக்கரில் வைத்து, மாவு பிசைவது போல மெதுவாக அமுக்கினார். கண் சரியாகத் தெரியாததால் ஹெட்லைட் மேலுள்ள அம்மீட்டர் முள்ளை என்னைப் பார்க்கச் சொன்னார். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குக் கரண்ட் போகும், முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் முள் நடுவுக்கு வரும். பொறி பிறப்பதும் அந்த நொடியில்தான். சரியாகப் பூட்டிய வண்டியில், கால் கனமாக இருக்கும்போதே, அதாவது பிஸ்டன் கலவையை அழுத்தி மேலே வரும்போது, முள் நடுவுக்கு வர வேண்டும்.

"நடுவுக்கு வந்துடுச்சு பாய்" என்றேன்.

"இங்க கால் லேசா இருக்கு சார்" என்றார்.

அவ்வளவுதான் நோய். நாலு ஓட்ட எஞ்சினில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும். ஒரு முறை கலவையை அழுத்தி, இன்னொரு முறை புகையை வெளியே தள்ளி. இரண்டுக்கும் சேர்த்துப் பாயிண்ட் ஒரு முறைதான் திறக்கும். பூட்டும்போது பட்டறைக்காரர் உச்சியைச் சரியாகவே பிடித்திருக்கிறார், ஆனால் அது புகை தள்ளும் உச்சி. பொறி ஒவ்வொரு தடவையும் எரிவதற்கு ஒன்றுமில்லாத நேரத்தில் அடித்திருக்கிறது. அந்த நேரம் உள்வால்வு திறக்கத் தொடங்கியிருக்கும், அதனால்தான் கார்புரேட்டர் வழியே தும்மல். ஒரு பாகம் கெடவில்லை, ஒன்றும் குறையவில்லை. கோப்பில் எல்லாக் கையெழுத்தும் இருந்து தேதி மட்டும் தப்பாக இருப்பது போல.

எஞ்சினை இறக்கவே வேண்டியிருக்கவில்லை. பாயிண்டைத் திறக்கும் கேமைத் தண்டிலிருந்து விடுவித்து அரைச் சுற்றுத் திருப்ப வேண்டும். எதிர்வீட்டுப் பையன் கையால் செய்ய, பாய் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். பாயிண்ட் நடுவே சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைச் செருகி, பையன் இழுத்துப் பிடித்துக்கொள்ள, அழுத்தும் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் தாள் நழுவும் இடத்தில் இறுக்கச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது. பணம் வாங்க மறுத்தார். அண்ணி வற்புறுத்தி ஒரு வேட்டி துண்டு கொடுத்தார்.

அண்ணன் மகன் வந்த மறுநாள் காலை, பையனையே உதைக்கச் சொன்னோம். முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாக அமுக்கி, டிகம்ப்ரஷனைப் பிடித்து ஒரு துளி தாண்டவிட்டு, லீவரை விட்டு, முழு உதை. மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. பிரான்சிலிருந்து வந்த பேரப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அண்ணி அடுக்களையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மகனிடம், "சாவியைத் திருப்பாதேடா, உங்கப்பா மாதிரி நிறுத்து" என்றார்.

அவன் லீவரைப் பிடித்தான்.