ஒரே ஒரு நாள் இருந்தால்...

மதுரையிலிருந்து நெல்லைக்கு ரயிலில் போகிறவர்கள் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்குவதோடு சரி. ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு. 'இந்தப் பொட்டல்ல பார்க்க என்னங்க இருக்கு?' என்பீர்கள். ஒரு நாள் இறங்கித்தான் பாருங்களேன்!

எங்கே போவது? கண்ணுக்கு விருந்து வேண்டுமா, மேற்கே கழுகுமலை. எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி, பாதியில் விட்டுப்போன வெட்டுவான் கோவில். அதே மலையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள்.

மனசை உறுத்துகிற சரித்திரம் வேண்டுமா? அதற்கு வேறு வழி. காலையில் தெற்கே கயத்தாறு போங்கள். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைக் கும்பினியார் தூக்கிலிட்ட ஊர். அவர் சிலை முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பிறகு கோவில்பட்டிக்கே திரும்பி, பஸ் மாறி, கிழக்கே எட்டயபுரம்.

அந்தப் போரில் எட்டயபுரம் பாளையத்தின் படை யார் பக்கம் நின்றது தெரியுமா? கும்பினியின் பக்கம்! பரிசாகப் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கும் கிடைத்தது.

உடனே 'துரோகி ஊர்' என்று முத்திரை குத்திவிடாதீர்கள். முத்துசாமி தீட்சிதர் 1835-ல் கண்மூடியது இங்கேதான். 1882-ல் பாரதி பிறந்ததும் இங்கேதான். அப்பா சின்னசாமி ஐயர் அதே ஜமீனில் வேலை பார்த்தவர். மகனோ வெள்ளைக்கார ஆட்சியையே எதிர்த்துப் பாடினார்.

கயத்தாறோடு நின்றுவிட்டால் கோபம் மட்டும் மிஞ்சும். எட்டயபுரத்தோடு நின்றுவிட்டால் பழைய கணக்கே தெரியாது. ஆகவே, இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். கழுகுமலை எங்கும் போய்விடாது. அதற்காக இன்னொரு முறை வாங்களேன்!