தேயிலைத் தொழிலாளரின் பற்கள்

ஆழமான பற்சூத்தையையும் ஓசோன் வாயுவால் ஆற்றிப் பல்லைக் காக்கலாம் என்ற பேச்சு 2000களில் பரவியது. நம்பத்தகுந்த சான்று இல்லையென 2004இல் காக்ரேன் மீளாய்வு கூறிற்று. அது கிடக்கட்டும். றொசல்ல, அட்டன் பக்கத்து லயத்தாரைப் போன்ற தேயிலைத் தொழிலாளரின் வாய்கள் உலகுக்குச் சொன்ன கதை வேறு.

1970இல் நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோவின் குழு, இலங்கையின் இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரைப் பரிசோதித்தது. 1985 வரை ஆறு தடவைகள். அவர்களிடம் பல் துலக்கும் வழக்கம் இல்லை. ஆயினும் சூத்தை அநேகமாக இல்லை! பற்களை விழுத்தியது முரசு (ஈறு) நோய். 8 சதவீதத்தினருக்கு அது வேகமாக முற்றியது. 45 வயதில் ஒரு பல்லும் எஞ்சவில்லை. 81 சதவீதத்தினர் அவ்வயதில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தனர். மீதி 11 சதவீதத்தினருக்கோ இழப்பே இல்லை எனலாம். ஊத்தை மட்டுமே காரணமன்று, உடல்வாகும் உண்டு என்பதை 1986இல் வெளியான இம்முடிவு உணர்த்தியது.

துலக்காவிட்டால் மூன்று வாரத்துக்குள் முரசு அழலும், துலக்கினால் ஆறும் என 1965இலேயே நிறுவியவர் இதே லோ. அதன் பின்னரும் 15 ஆண்டுகள் கணக்கெடுத்தது என்னை உறுத்துகிறது. 2010இல் மீண்டும் தேடியபோது, 480 பேரில் 75 பேரே பரிசோதனைக்குக் கிடைத்தனர்.